காய்ஞ்ச அமாந்தியுவின் போர்ட் புட்டி

கவாத்துக் கத்தரியால் ஒரு கிளையை வெட்டியதும், அமாந்தியு கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அந்த எச்சிலை வெட்டுக்காயத்தில் ஒற்றிவிட்டுத்தான் அடுத்த திராட்சைக் கொடிக்கு நகர்வார். ஜனவரி மாதத்தில் டோரு ஆற்றிலிருந்து எழும் மூடுபனி மலைப்படிகளில் இடுப்பளவு நிற்கும். விரலெல்லாம் விறைத்துக் குச்சியாகியிருக்கும். அப்போதும் விடமாட்டார். "காயத்தைத் திறந்துபோட்டுட்டுப் போனா ராத்திரி அதுக்குத் தூக்கம் வருமா?" என்பார். எச்சிலில் என்ன மருந்து இருக்கிறது என்று யாராவது கேட்டால், "மருந்துன்னு யார் சொன்னா? ஒரு துணைக்குத்தான்" என்று பதில் வரும்.

பண்ணையில் அவர் கவனித்துக்கொள்கிற சரிவுக்கு எங்கள் ஊரில் 'கிழடுகள்' என்று பெயர். அப்பன்மார்களின் தாத்தன்மார் நட்ட கொடிகள். ஒவ்வொன்றும் முறுக்கிப் பிழிந்த துணி போலக் குட்டையாக நிற்கும். ஒரே வரிசையில் கறுப்பு, சிவப்பு, நடுவே ஒன்றிரண்டு வெள்ளை. பாதிக்குப் பெயர் தெரியும், பாதிக்குத் தெரியாது. ஒன்று பனியில் கருகினாலும் பக்கத்தில் நிற்பது காய்க்கட்டும் என்று அந்தக் காலத்தில் கலந்து நட்டுவிட்டார்கள். மண் என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது. அடுக்கடுக்கான பலகைக்கல். அதன் இடுக்கில் வேர் இறங்கி எங்கேயோ போய்த் தண்ணீர் குடிக்கிறது. இளங்கொடி கூடை நிறையக் கொடுக்கும். கிழடு ஒரு கொத்து கொடுக்கும், மனம் வந்தால் இரண்டு. ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் மது தேறினால் அதிகம்.

"இளசுங்க நாள் பூரா வாயடிக்கும். இதுங்க வருசத்துக்கு ஒரு வார்த்தைதான் பேசும். ஆனா அந்த வார்த்தைய நம்ம பேரப்புள்ளைங்க கூடக் கேக்கலாம்" என்பது அமாந்தியுவின் பேச்சு.

ஆள் குள்ளம். காது இரண்டும் தொப்பிக்கு முட்டுக் கொடுத்தது போல விரிந்து நிற்கும். கோட்டுப் பையில் எப்போதும் சோள ரொட்டியின் ஓரம் ஒன்று இருக்கும். எந்த வீட்டில் சாப்பிட்டாலும் அதை வைத்துத் தட்டைத் துடைத்துத் தின்றுவிடுவார். "இவருக்குச் சோறு போட்டா தட்டு கழுவுற வேலை மிச்சம்" என்று அவர் மனைவி எர்மெலிந்தா சொல்வாள். பண்ணை வீட்டுக்காரர் எதிரே வந்தால் தொப்பியின் நுனியைத் தொடுவார், அவ்வளவுதான். கிழடுகளின் சரிவில் கால் வைக்கும்போது மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்.

ஊரில் அவருக்குக் 'காய்ஞ்ச அமாந்தியு' என்று பெயர். முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு சொட்டு மது அவர் உதட்டில் பட்டதில்லை. வேறு ஊரில் இது ஒரு செய்தியே அல்ல. எங்கள் பள்ளத்தாக்கில் குழந்தை பிறந்தாலும் மது, கிழவர் இறந்தாலும் மது. பண்ணையின் நிலவறையைப் பார்த்துக்கொள்ளும் அல்பானு அவருக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. மதுக்கடையில் அமாந்தியு தண்ணீர் கேட்டால் போதும், அல்பானு ஆரம்பித்துவிடுவார்.

"டேய் காய்ஞ்சவனே, தண்ணி குடிச்சுக் குடிச்சு வயித்துல தவளை வளக்குறே. ராத்திரி அது கத்துறதுல எர்மெலிந்தா எப்படித் தூங்குறாளோ."

"அது நல்லாத்தான் பாடுது. உன் குறட்டைக்கு அது எவ்வளவோ தேவலை."

அறுவடைக் காலத்தில் இவரைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் பயந்துவிடுவார்கள். பழத்தைக் கல்தொட்டியில் கொட்டி, ஆண்கள் தோளோடு தோள் சேர்ந்து, தொடையளவு பழத்தில் இடது வலது என்று மிதிப்பார்கள். அந்த வரிசையில் ஒருவர் மட்டும் கைக்குட்டையால் மூக்குக்குக் கீழே வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு கொள்ளைக்காரன் மாதிரி நிற்பார். அதுதான் அமாந்தியு. சாறு தெறித்து வாயில் போய்விடக் கூடாது. "அட, அது வெறும் சாறுதானேய்யா, இன்னும் மதுவாகலையே" என்றால் கைக்குட்டைக்குள்ளிருந்து பதில் வரும்: "எந்த நிமிசத்துல சாறு மதுவாகுதுன்னு எனக்குத் தெரியாது. மாதாவுக்குத் தெரியும்."

இது மாதாவுக்குச் செய்த நேர்ச்சை. அவர் வாழ்நாளில் மாதாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எர்மெலிந்தா தொலைந்த சாவிக்கும் முட்டையிடாத கோழிக்கும் ஜெபமாலை எடுப்பாள். "மாதாவுக்குச் சின்ன வேலையெல்லாம் வைக்காதே" என்பார் இவர். தனக்குப் பெரிய வேலை ஒன்றை மாதா செய்து கொடுத்திருக்கிறார், அதற்கு மேல் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அவர் எண்ணம்.

நேர்ச்சை செய்த அந்த வருஷம் கிழடுகளின் பழத்தைத் தனித் தொட்டியில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். அன்று காலையில்தான் அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பிறந்த குழந்தை மத்தியானத்துக்குள் நீலம் பாய ஆரம்பித்துவிட்டது. இதயத்தில் ஓட்டை. பங்குச்சாமி அக்கரையில் இருந்தார். அடுப்படிச் செம்பிலிருந்து தண்ணீர் எடுத்து அவசர ஞானஸ்நானம் கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரியான நான்தான். சலோமே என்று பெயர் வைத்தோம். அந்த உறவில்தான் அமாந்தியு இன்றுவரை என்னை 'கொமாத்ரே' என்று கூப்பிடுகிறார். மகளுக்கு ஞானத்தாய் ஆனவளை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

செய்தி கேட்டுத் தொட்டியிலிருந்து குதித்தவர் கால் கழுவவில்லை. நேரே ஆரோக்கிய மாதா கோவிலுக்கு ஓடினார். வெள்ளைக் கல் தரையில் பீடம் வரைக்கும் ஊதா நிறத்தில் பாதங்கள். சத்தமாகவே சொன்னாராம்: "இந்தப் புள்ள பொழைச்சு ஒரு நாள் உங்க சப்பரத்தைத் தோள்ல தூக்கணும். அதுவரைக்கும் மது தொடமாட்டேன். அவ தூக்குற அன்னைக்குச் சாயங்காலம், இப்ப மிதிச்சிட்டு வந்தேனே, இந்த மதுவைக் குடிச்சு உங்களுக்கு நன்றி சொல்லுவேன்." மணியடிக்கும் கோவில்பிள்ளை காதில் அது விழுந்தது. அவர் காதில் விழுந்தால் ஊர் முழுக்கத் தண்டோரா போட்ட மாதிரி. கோவிலைக் கூட்டித் துடைப்பது என் பொறுப்பு, அதனால் அந்தப் பாதங்களை நான்தான் பிற்பாடு தேய்த்துக் கழுவினேன். கடைசிப் பெஞ்சுக்கு அடியில் ஒன்று மட்டும் மங்கலாக இருக்கிறது. அதை நான் தேய்ப்பதில்லை.

குழந்தை பிழைத்தது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். போர்ட்டோ நகரத்தில் இரண்டு தடவை நெஞ்சைத் திறந்து வைத்தியம் பார்த்தார்கள். ஓடாதே, சுமக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். அவளும் ஓடாமல், சுமக்காமல் வளர்ந்து, படித்து, ரேகுவாவில் மருந்துக்கடை வேலைக்குப் போனாள்.

மதுவும் பிழைத்தது. போர்ட் என்கிற எங்கள் பள்ளத்தாக்கு இனிப்பு மதுவில் எல்லா வருஷத்துக்கும் பெயர் கிடைக்காது. அறுவடைக்குப் பிறகு வரும் இரண்டாவது வசந்தத்தில் பீப்பாயிலிருந்து எடுத்துச் சுவைத்துப் பார்த்து, இது தகுந்தது என்று தோன்றினால்தான் அந்த வருஷத்தைப் புட்டியில் பொறித்து அடைப்பார்கள். பெரும்பாலான வருஷங்கள் பெயரில்லாமல் போய்விடும். சலோமே பிறந்த வருஷத்துக்குப் பெயர் கிடைத்தது. கிழடுகளின் மது, அதிலும் பெயர் வைத்த வருஷம். லண்டனிலிருந்து கூட ஆள் விட்டுக் கேட்டார்கள். பண்ணை வீட்டில் அந்தத் தொட்டியை மிதித்த ஒவ்வொருவருக்கும் ஒரு புட்டி கொடுத்தார்கள். மற்றவர்களுடையது கல்யாணத்திலும் கருமாதியிலும் எப்போதோ காலியாகிவிட்டது. அல்பானு தன் புட்டியைப் பல்வலிக்கு மருந்தாகக் குடித்தேன் என்று சொல்லிக்கொள்கிறார்.

அமாந்தியு தன்னுடையதை வீட்டு மாடிப்படிக்குக் கீழே, கல் மாடத்தில் படுக்க வைத்தார். இந்த மது புட்டிக்குள்ளேயே வருஷக்கணக்கில் மெல்ல மெல்லத் தெளியும். வண்டல் அடிப்பக்கமாகப் போய் ஒட்டும். எந்தப் பக்கம் மேல் என்று தெரிவதற்குப் புட்டியின் வயிற்றில் சுண்ணாம்பால் ஒரு வெள்ளைக் கோடு இழுத்திருப்பார்கள். தொட்டாலும் நகர்த்தினாலும் கோடு மேலேயே இருக்க வேண்டும். புரட்டினாலோ குலுக்கினாலோ இத்தனை வருஷத் தெளிவும் ஒரு நொடியில் கலங்கிவிடும். வாரம் ஒரு முறை குனிந்து, கோடு மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்து போவார். தொடமாட்டார். "தூங்குற புள்ளைய எதுக்குத் தொடணும்?"

இந்தக் கோடை காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சலோமே உருளைக்கிழங்கை நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, டாக்டர் இனிமே நான் எதை வேணாலும் தூக்கலாம்னுட்டார். திருநாளுக்குச் சப்பரத்துல என் தோளையும் சேத்துக்கச் சொல்லிட்டேன்."

அமாந்தியு தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். "கோழிக்கூடு சாத்தியிருக்கான்னு பாத்துட்டு வர்றேன்" என்று எழுந்து போனார். பட்டப்பகலில் கோழிக்கூட்டை எதற்குச் சாத்த வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து, முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

செப்டம்பர் எட்டாம் தேதி மாதா பிறந்த திருநாள். அதற்கு முந்தின நாள் எர்மெலிந்தா வீட்டைத் துடைத்தாள், சன்னலைத் துடைத்தாள், நாயையும் குளிப்பாட்டினாள். சந்தோஷம் வந்த பெண்பிள்ளையின் கை நிற்குமா? மாடத்துப் புட்டியைத் தொடக் கூடாது என்று அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் நாளைக்குத் திறக்கப் போகிற புட்டி, மாதா சுரூபத்தின் பக்கத்தில் வைக்க வேண்டும், இந்தச் சிலந்திக்கூட்டோடு எப்படி வைப்பது என்ற ஒரே நினைப்பில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. சாம்பலும் காடியும் போட்டு, உருட்டி உருட்டித் தேய்த்துக் கழுவினாள். வெள்ளைக் கோடு போயே போய்விட்டது. கண்ணாடி மாதிரிப் பளபளத்த புட்டியை, பின்னல் துணி விரித்த அலமாரியில், மாதாவுக்கு வலது பக்கம் நிற்க வைத்து, கழுத்தில் ஒரு ரோஜாவையும் செருகினாள். இதைவிட அன்பாக யாராலும் ஒரு புட்டியைக் கெடுக்க முடியாது.

சாயங்காலம் அமாந்தியுவும் அல்பானுவும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். முதலில் பார்த்தவர் அல்பானு.

"ஏசுவே. கோடு எங்கடா?"

எர்மெலிந்தா கை அப்படியே வாய்க்குப் போயிற்று. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அல்பானு புட்டியைத் தொடாமல், சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே குனிந்து பார்த்தார். "ஒண்ணும் தெரியலை, ஒரே கலங்கல். நாளைக்குத் திறந்தா மழைக்கால ஆத்துத் தண்ணியத்தான் குடிப்பே. படுக்க வைடா. கிறிஸ்மஸ் வரைக்கும் அசையாமக் கிடக்கட்டும். கொஞ்சமாவது தெளியும்."

அமாந்தியு புட்டியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "நல்லாத்தான் பளபளன்னு இருக்கு" என்றார். பிறகு, "நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார்.

அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எர்மெலிந்தா தேறியிருப்பாள். என் வீட்டுச் சுவரோரம் வந்து நின்றுகொண்டு அழுதாள். "இத்தனை வருசம் நாக்கைக் கட்டிக் காத்த மனுசனுக்கு நான் சேத்தை ஊத்திக் கொடுக்கப் போறேன், கொமாத்ரே. அது தெளியணும்னு நாம ரெண்டு பேரும் ஒரு ஜெபமாலை சொல்லுவோமா?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அமாந்தியுவின் குரல் வந்தது. "மாதாவுக்குச் சின்ன வேலை வைக்காதீங்க. நாளைக்கு அவங்களுக்கே ஊர்வலம், ஆயிரம் சோலி இருக்கும்."

மறுநாள் பூசை முடிந்து சப்பரம் கிளம்பியது. வெடிச்சத்தத்தில் புறாக்கள் எல்லாம் ஆற்றுக்கு மேலே போய்விட்டன. வெள்ளைச் சட்டையும் நீலத் துண்டுமாகச் சலோமே இடது பக்கம் இரண்டாவது ஆளாகத் தோள் கொடுத்தாள். சப்பரம் பாரம். பூவும் மெழுகுவர்த்தியும் சேர்ந்து மேலும் பாரம். அமாந்தியு முன்னால் போய்ப் பார்க்கவில்லை. பின்னால், மகளின் குதிகாலையே பார்த்துக்கொண்டு நடந்தார். அவள் கால் வைத்த கல்லிலேயே தானும் கால் வைத்தார். ஊரே பாட்டுப் பாடியது, அவர் பாடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். நீரூற்றுத் திருப்பத்தில் சப்பரத்தை இறக்கித் தோள் மாற்றினார்கள். சலோமே நெற்றியைத் துடைத்துக்கொண்டு விலகி வந்தாள்.

"மேட்டுக்கும் தூக்கிடுவேன்பா. முடியும்."

"வேணாம். தூக்கணும்னுதான் நேந்துக்கிட்டேன், மலையேத்தணும்னு சொல்லலை. மாதாவுக்கு ஞாபகம் இருக்கும்" என்றார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

சாயங்காலம் அவர்கள் வீட்டு முற்றத்தில் மேசை போட்டோம். ஆற்றுக்கு எதிர்ப்பக்க மலையில் இன்னும் வெயில் இருந்தது. அடுப்பில் வெள்ளாட்டுக்குட்டி வறுபட்டது. புட்டியை எர்மெலிந்தா கைக்குழந்தை மாதிரி ஏந்தி வந்து வைத்தாள். வெளிச்சத்தில் பார்த்தோம். அல்பானு சொன்னது சரிதான். ஒரே கலங்கல்.

பழைய போர்ட்டின் தக்கை பொடிந்து உள்ளே விழும் என்று அல்பானு அதைத் திருகமாட்டார். இடுக்கியை நெருப்பில் போட்டுச் சிவக்கக் காய்ச்சி, புட்டியின் கழுத்தைக் கவ்விப் பிடித்து, உடனே ஈரத்துணியால் தொட்டால் கழுத்து கத்தியால் வெட்டியது போலக் கழன்று வரும். இடுக்கி நெருப்பில்தான் கிடந்தது. அதை எடுக்காமல் அவர் கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். கேலி இல்லாமல்தான் சொன்னார்.

"கேளுடா அமாந்தியு. இது மாதிரி இன்னொண்ணு இந்தப் பள்ளத்தாக்குல கிடையாது. கிழடுங்க அன்னைக்குப் பேசின வார்த்தை இது. இவ்வளவு நாள் பொறுத்தே, கிறிஸ்மஸ் எவ்வளவு தூரத்துல இருக்கு? தெளிஞ்ச பிறகு குடிச்சா மாதா வேணாம்னா சொல்லப் போறாங்க?"

எர்மெலிந்தா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை முறுக்கிக்கொண்டு நின்றாள். மேசையில் யாரும் ரொட்டியைக் கூடத் தொடவில்லை. அமாந்தியு புட்டியைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"இவளுக்காக நான் போய்க் கேட்டப்ப இவ எப்படி இருந்தா? நீலமா இருந்தா. 'இவ நிறம் தெளியட்டும், அப்புறம் வா'ன்னு அவங்க சொன்னாங்களா? இருந்தபடியேதானே ஏத்துக்கிட்டாங்க."

அல்பானு எழுந்து போய் இடுக்கியை எடுத்து வந்தார்.

கழுத்து 'டக்' என்று கழன்றது. உடனே ஒரு வாசனை எழுந்தது பாருங்கள். காய்ந்த அத்திப்பழம், புகை, கோடை மழை முதலில் விழும்போது பலகைக்கல்லிலிருந்து கிளம்புமே அந்த மணம், எல்லாம் சேர்ந்து முற்றம் முழுக்கப் பரவியது. வறுத்த இறைச்சியின் வாசனை இருந்த இடம் தெரியவில்லை. நாய் கூட எழுந்து நின்றது. கோவிலில் தூபம் போட்டதும் ஒரு அமைதி வருமே, அப்படி எல்லோரும் அமைதியாகிவிட்டோம். வண்டல் கலங்கியதே தவிர, உள்ளே இருந்த உயிருக்கு ஒரு குறையும் வரவில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. எர்மெலிந்தாவும் அதை முகர்ந்தாள். துணியை முறுக்குவதை நிறுத்தினாள்.

சலோமே வடிகட்ட ஒரு வெள்ளைத் துணியை எடுத்து வந்தாள். "மத்தவங்களுக்கு வடிகட்டு. எனக்கு வந்தபடியே ஊத்து" என்றார் அமாந்தியு. அவள் ஊற்றினாள். அடர்ந்த கறுஞ்சிவப்பு, நடுவில் மண் மிதந்து சுழன்றது. அவர் சிலுவை போட்டுக்கொண்டார். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தார். விழுங்கினார். கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வாயும் குடித்தார். பல்லில் வண்டல் நறநறத்தது எனக்கே கேட்டது.

எர்மெலிந்தா அடிக்குரலில், "எப்படி இருக்கு, மனுசா?" என்றாள்.

"சொல்லேன்டா காய்ஞ்சவனே" என்றார் அல்பானு. "முப்பது வருசத்துத் தவளையெல்லாம் செத்துச்சா?"

அமாந்தியு கண்ணைத் திறந்தார். எதிரே துணியோடு குனிந்திருந்த சலோமேயின் சட்டைக் கழுத்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. சப்பரத்தின் கட்டை அழுந்தின இடத்தில் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. அவர் கிளாஸை மேசையில் வைத்தார். மது பட்டு ஊதாவாகியிருந்த நாக்கில் கட்டைவிரலைத் தொட்டு, மகளின் தோளில் அந்தக் காயத்தின் மேல் ஒற்றி, விரலை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.